ஒரு மணி நேரம் நீந்திய மீன்கள்

ராசா,

நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். "அம்மா, மாசி பிறந்ததும் ஊருக்கு வாறேன். சமுதாயக்கூடத்துலதான் கூட்டம். அண்ணாச்சி மகன் எல்லா ஏற்பாடும் பண்ணிட்டான். அன்னைக்கு நீ செஞ்ச மாதிரியே, சுத்தம் பண்ணின தண்ணியில மீனை விட்டு ஊருக்குக் காட்டப்போறேன். மீன் டீச்சர் மகன்னா சும்மாவா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். செய்தி முடிந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். கூட்டத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மீன்கள் செத்துப்போய்விட்டன. மறுநாள் காலையிலேயே.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. உனக்கு அனுப்புகிற அதே நாளில் ஒரு பிரதி நம் ஊர் நூலகத்துக்கும், ஒரு பிரதி சமுதாயக்கூடத்துப் பலகைக்கும் போகும். ஊர் நடுவில் நின்று சொன்ன பொய்யை வீட்டுக்குள் வைத்துத் திருத்த முடியாது. நம் ஊரை அறியாதவர்கள் கையிலும் இது கிடைக்கலாம். அதனால் உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற வழியில் இருக்கிறது நம் ஊர். மழை பெய்தால் மிளகாய், பருத்தி. பெய்யாவிட்டால் பட்டாசு, தீப்பெட்டி. ஊருக்கு மேற்கே அண்ணாச்சியின் எள் ஆலை. அங்கே எண்ணெய் ஆட்டுவதில்லை. எள்ளின் தோலை உரித்து, வெள்ளையாக்கி, மூட்டை மூட்டையாக வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். கருப்பு எள்ளைக் காஸ்டிக் சோடா கலந்த சுடுநீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினால் தோல் கழன்றுவிடும். எள் வெள்ளையாக வெளியே வரும். கருப்பு முழுவதும் தண்ணீரோடு போகும். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் நான் பதில் சொன்னேன். இப்போது நீ சொல்லப்போகிறாய்.

போன தை மாதம், நீ வேலை பார்க்கிற துனீசியாவுக்கு என்னைக் கூட்டிப்போனது நினைவிருக்கும். விமானத்தை விட்டு இறங்கி இரண்டு மணி நேரம் காரில் போனோம். வறண்ட பூமி, எட்டி எட்டி நடப்பட்ட ஆலிவ் மரங்கள், ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிற பெண்கள். "நம்ம ஊரு மாதிரியே இருக்குல்லம்மா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். ஆலிவ் காயை அரைத்துப் பிழிந்தால் எண்ணெய் கொஞ்சம், கருந்தண்ணீர் நிறைய. அங்கே அதற்கு மார்ஜின் என்று பெயர். பருவம் முழுக்க லாரி லாரியாகக் கொண்டுவந்து ஊருக்கு வெளியே வெட்டிய பெரிய குட்டைகளில் கொட்டுகிறார்கள், வெயில் குடித்துக்கொள்ளட்டும் என்று. நீ என்னை அந்தக் குட்டை ஒன்றின் கரையில் நிறுத்தினாய். நடுப்பகல். காற்று நன்றாகவே வீசியது. என் சேலைத் தலைப்பு பறந்தது. அந்த நீர் மட்டும் அசையவில்லை. குனிந்து பார்த்தேன். என் முகம் தெரிந்தது. எந்தக் கிணற்றிலும் குளத்திலும் முகம் கொஞ்சமாவது ஆடும். அதில் ஆடவே இல்லை. யாரோ உள்ளேயிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. நீ ஒரு கல்லை எடுத்து எறிந்தாய். வட்டம் எழவில்லை. கல் விழுந்த இடம் மெல்ல மூடிக்கொண்டது.

"பறவை வராதா?" என்று கேட்டேன்.

"மேல பறக்கும்மா. இறங்காது."

பிறகு, அந்தத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற உன் ஆலைக்குள் கூட்டிப்போனாய். உயரமான கண்ணாடிக் குழாய்களில் அரிசி அளவு மணிகள். அவற்றின் வழியாகக் கருந்தண்ணீர் இறங்கும்போது கசப்பெல்லாம் மணிகளில் ஒட்டிக்கொள்ளும் என்றாய். அதைத் தனியே கழுவி எடுத்து ஒரு சின்னக் குப்பியில் வைத்திருந்தாய். தேன் நிறம். மருந்துக் கம்பெனிக்காரர்களும் முகப்பூச்சுக் கம்பெனிக்காரர்களும் அதற்காகக் காத்திருக்கிறார்கள் என்றாய். ஹைட்ராக்சிடைரோசால் என்று அதன் பெயரைத் தவறாமல் நான் திருப்பிச் சொன்னபோது, "வேதியியல் டீச்சர்னா டீச்சர்தான்" என்று உன் கூட வேலை பார்க்கிற பெண்ணிடம் பெருமையாகச் சொன்னாய். மூடியைத் திறந்து முகரச் சொன்னாய். ஆனால் என் மூக்கில் வெளியே இருந்த குட்டையின் வாசனைதான் நின்றது. புளித்த, எண்ணெய்ச் சிக்கேறிய, ஈரச் சாம்பல் போன்ற வாசனை. அது எனக்கு ஏற்கெனவே தெரிந்த வாசனை. குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். "குளிருதாம்மா?" என்று கேட்டு உன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டாய். நானும் குளிர் என்றே சொன்னேன். அது இன்னொரு பொய்.

அன்று நீ எனக்குப் பாடம் நடத்தினாய். இப்போது என் முறை. ஊறுகாய் ஏன் கெடுவதில்லை? உப்பும் எண்ணெயும் காரமும் சேர்ந்து கிருமிகளை அண்டவிடுவதில்லை. ஆலிவ் கசப்பும் அப்படித்தான். பூச்சியும் பூஞ்சையும் தின்றுவிடாமல் இருக்க மரம் தன் காய்க்குள் வைத்துக்கொண்ட காவல் அது. காயில் இருக்கும்வரை அது காவல். தண்ணீரில் கலந்து குட்டையில் தேங்கினால், அழுக்கைத் தின்ன வேண்டிய நுண்ணுயிர்களையும் அது விரட்டிவிடும். தன்னைத் தானே ஊறப்போட்டுக்கொண்ட தண்ணீர். அழுகாது, ஆறாது, வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதனால்தான் கசப்பை முதலில் பிரித்தெடுக்க வேண்டும் என்கிறாய். எடுத்த கசப்பு மருந்தாகும். மிச்சத் தண்ணீரை மூடிய தொட்டியில் நுண்ணுயிர்கள் தின்று எரிவாயு தரும். அதன்பிறகு காற்றூதும் தொட்டி, கடைசியில் நாணல் பாத்தி. உன் வழியில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கேட்டபோது மகிழ்ச்சியாகவே இருந்தது. அதை அப்படியே நம் எள் ஆலைக்குக் கொண்டுவரப்போகிறேன் என்று நீ சொன்ன இடத்தில்தான் எனக்கு மூச்சு நின்றது.

உனக்கு அப்போது நான்கு வயது. ஆலை தொடங்கிய புதிது. ஊருக்கும் ஆலைக்கும் நடுவே கல் வெட்டி எடுத்துவிட்டுப் போன பழைய கிடங்கு ஒன்று இருக்கிறதல்லவா, அதில் ஆலைத் தண்ணீரை விட அண்ணாச்சி ஊர்ச் சம்மதம் கேட்டார். ஊர் தயங்கியது. அவர் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். "டீச்சர், நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரு கேக்கும். எள்ளுத் தோலுதான இது? எள்ளை நாம திங்கிறோம். தோலு நம்மளத் திங்கவா போகுது?" என்றார். நல்ல மனிதர். பள்ளிக்கு ஆய்வகச் சாமான்கள் வாங்கிக் கொடுத்தவர். அவருக்கும் உண்மை தெரியாது. எனக்கு மட்டும் தெரியுமா என்றால், தெரியாதென்றே சொல்வேன். ஆனால் எனக்குத் தெரியாது என்பதாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்தவள் அல்லவா.

காஸ்டிக் சோடாவுக்கு அமிலம் சேர்த்துச் சரிக்கட்டிய தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்தார்கள். ஊர் கூடுகிற மந்தையில் மேசை போட்டு, மேசைமேல் பள்ளிக் கண்ணாடி ஜாடியை வைத்தேன். லிட்மஸ் தாளை நனைத்துக் காட்டினேன். நிறம் மாறவில்லை. "அம்புட்டுக் கருப்பா இருக்கே தாயி" என்றார் ஒரு பெரியவர். "காப்பியும் கருப்புதான மாமா, தெனம் மூணு தடவ குடிக்கீரு" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. கண்மாயிலிருந்து பிடித்து வைத்திருந்த இரண்டு கெண்டைக் குஞ்சுகளை ஜாடியில் விடப்போனேன். விடுவதற்கு முன்னால் ஒன்று செய்தேன். ஜாடியில் ஒரு பங்கு ஆலைத் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் நான்கு பங்கு நல்ல தண்ணீர் ஊற்றினேன். ஏமாற்றுவதற்காக இல்லை, ராசா. கருப்பில் மீன் தெரியாது. பின்வரிசைக்கும் தெரிய வேண்டுமே என்று ஊற்றினேன். வகுப்பெடுக்கிறவர்களுக்கு வருகிற வியாதி அது. பாடம் சரியாக இருக்கிறதா என்பதைவிட, கடைசிப் பெஞ்சுக்குத் தெரிகிறதா என்பது பெரிதாகிவிடும்.

மீன்கள் நீந்தின. ஒரு மணி நேரம் ஊர் நின்று பார்த்தது. கை தட்டினார்கள். அன்று முதல் நான் மீன் டீச்சர். சிவகாசியில் அச்சகத்து வேலை முடிந்து சாயங்காலம் வந்த உன் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஊருக்கெல்லாம் மீன் காட்டினியாமே, எனக்குக் குழம்பு எங்க?" என்றார். சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். ஜாடியை அடுப்படி ஜன்னலில் வைத்திருந்தேன். காலையில் பால் காய்ச்சப் போனபோது இரண்டும் வயிறு மேலே தெரிய மிதந்தன. வாய் திறந்திருந்தது. இரண்டும் ஒரே பக்கம் பார்த்திருந்தன. தண்ணீரில் ஒரு அசைவில்லை. ஜாடியைத் தூக்கினேன். தூக்கிய பிறகும் அது அசையவில்லை என்று தோன்றியது. நீ எழுந்து வருவதற்குள் செம்பருத்திச் செடிக்கு அடியில் புதைத்துவிட்டேன். "மீன் எங்கம்மா?" என்றாய். "கண்மாய்ல விட்டுட்டேன்யா" என்றேன். நீ நம்பினாய். அதன்பிறகு கண்மாய் வழியாகப் போகும்போதெல்லாம் அந்த இரண்டு மீன்களுக்கும் கை காட்டுவாய். நான் பக்கத்தில் நிற்பேன்.

ஏன் செத்தன என்று பின்னால் புரிந்தது. ஒரு கல்யாண மண்டபத்தின் கதவையெல்லாம் சாத்திவிட்டு உள்ளே பந்தி போடுவதாக வைத்துக்கொள். சாப்பாடு கூடக் கூட ஆள் கூடும். கூடிய ஆளெல்லாம் மூச்சு விடும். கடைசியில் உள்ளே காற்றே இருக்காது. ஆலைத் தண்ணீர் நிறையச் சாப்பாட்டைக் கரைத்து வைத்திருக்கிற தண்ணீர். எள் தோலின் கசப்பும் ஆலிவ் கசப்பைப் போலவே கிருமிகளை விரட்டும்; நல்ல தண்ணீர் ஊற்றி அதை நானே தணித்துவிட்டேன். கிருமிகளுக்குப் பந்தி திறந்துவிட்டது. ராத்திரி முழுவதும் அவை தின்று, இருந்த காற்றையெல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டன. மீன்களை விஷம் கொல்லவில்லை. அந்தத் தண்ணீரின் பசி கொன்றது. இதை அன்றைக்கே ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். கிடங்குக்கு அப்போது குழாய்கூட இழுத்திருக்கவில்லை. ஒரு வார்த்தை போதும். ஆனால் கைதட்டல் காதில் இருந்தது. எதுவும் சொல்லாமல் பள்ளிக்குக் கிளம்பிவிட்டேன்.

கிடங்கில் தண்ணீர் விட்ட முதல் வருடம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் வருடம் ஐப்பசி மழைக்குப் பிறகு, காலையில் பஸ்ஸுக்கு நடக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். ஊர் முழுக்கத் தவளைச் சத்தம். கிடங்கை நெருங்கியதும் வெட்டினாற்போல நின்றது. கிடங்கைத் தாண்டி நாலெட்டு வைத்ததும் மறுபடியும் சத்தம். திரும்பி வந்து நின்று பார்த்தேன். ஒரு கோடு போட்ட மாதிரி இருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் உலகம், அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அடுத்த வருடம் அந்தக் கோடு ஒரு வயல் தூரம் ஊரை நோக்கி வந்திருந்தது. அதற்கடுத்த வருடம் இன்னொரு வயல். சத்தம் வந்தால் மனிதர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சத்தம் போனால் யார் பார்ப்பார்கள்? நான் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் அந்த இடத்தில் நின்று காது கொடுப்பேன். அமைதி நடந்து வந்துகொண்டிருந்தது. அது போகிற திசையில் பேச்சியின் கிணறு இருந்தது.

பேச்சியை உனக்குத் தெரியும். என் வயதுக்காரி. இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, நாலு ஆடு. கூலி வேலை பார்த்தே வாழ்ந்த குடும்பத்தில் முதல்முதலாகச் சொந்த நிலம் வாங்கியவர்கள் அவளும் அவள் புருஷனும். முதலில் அவள் துணி வெளுக்கவில்லை. சோப்பு நுரைக்கவில்லை என்றாள். பிறகு மிளகாய் நாற்று. முளைத்து இரண்டு இலை விட்டதும் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக்கொண்டன. பிறகு ஆடுகள் தொட்டிவரை வந்து, தண்ணீரை முகர்ந்துவிட்டு, அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப்போயின. "திட்டுற மாதிரியே பாக்குது டீச்சர்" என்றாள் பேச்சி. கிணற்று நீரில் கருப்பு நூல் நூலாக ஏதோ இறங்கியிருந்தது.

ஒரு உச்சிப்பொழுதில் அவள் ஆடு ஒன்று கிடங்குப் பக்கம் போய்விட்டது. கிடங்கின் மேல் தோலும் தூசியும் சேர்ந்து பாலாடை போலத் தடித்த ஆடை படிந்திருக்கும், பார்த்தால் தரை போலவே. ஆடு அதன்மேல் நடந்தது. பேச்சியும் நானும் கரையில் நின்று கத்தினோம். அது ஏழெட்டு அடி வரை, தரையில் நடப்பது போலவே நடந்தது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. அப்புறம் இல்லை. அலறலும் இல்லை, குமிழியும் இல்லை. ஆடை மூடிக்கொண்டது. இரண்டு கோடை கழித்துக் கடும் பஞ்சத்தில் கிடங்கு வற்றியபோது, சேற்றின்மேல் அந்த ஆடு கிடந்தது. முடிகூட உதிரவில்லை. கழுத்து மணி, கண் இமை, எல்லாம் அப்படியே. இப்போதுதான் படுத்த மாதிரி. ஊரே ஓடிவந்து பார்த்துவிட்டுக் கும்பிட்டது. எனக்குக் காரணம் தெரியும். ஊறுகாய்ப் பாடம்தான். ஆனால் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அங்கேதான் நான் செய்த பெரிய தப்பு இருக்கிறது. மீன் செத்ததை மறைத்தது சின்னத் தப்பு. கிணறு கெடுவதற்கு முந்தின வருடம் பேச்சியின் புருஷன் அதை ஆழப்படுத்தியபோது, நீரைக் காக்கிற கன்னிமாருக்குப் பூசை போடவில்லை. அதனால்தான் கன்னிமார் கோபித்துக் கிணற்றை எடுத்துக்கொண்டார்கள் என்று ஊர் சொல்லத் தொடங்கியது. உச்சிவேளையில் கிணற்றுக்குள் யாரோ தலை சீவுகிறார்கள், அந்த முடிதான் தண்ணீரில் கருப்பாக மிதக்கிறது என்றார்கள். பேய் இல்லை, முனி இல்லை என்று வகுப்பில் மேசையைத் தட்டிச் சொன்னவள் நான். இந்தக் கதையைக் கேட்டதும் என் நெஞ்சு லேசானது. கதை வளர்ந்தால் என் ஜாடியை யாரும் நினைக்க மாட்டார்கள். "டீச்சர், நீங்க நம்புதீகளா?" என்று பேச்சி ஒருநாள் கேட்டாள். "எனக்கென்ன தெரியும் பேச்சி" என்றேன். பழி அவள் புருஷன்மேல் விழுந்தது. வீட்டில் சண்டை. ஒருநாள் திருப்பூருக்குப் பஸ் ஏறியவர் திரும்பி வரவில்லை. பேச்சி நிலத்தைப் போட்டுவிட்டு, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினாள். சாயங்காலம் வேன் இறக்கிவிடும்போது முகம், கை, கண் இமையெல்லாம் அலுமினியத் தூள் படிந்து வெள்ளிச் சிலை மாதிரி வருவாள். வீட்டுக்குப் போகுமுன் கிணற்றடிக்குப் போய் வாளியை விட்டு ஒரு தடவை இறைத்துப் பார்ப்பாள். நான் எதிரே வந்தால், "இன்னும் முழிக்கல டீச்சர்" என்பாள். தூங்குகிற பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல. இருபது வருடத்துக்கு மேலாக இதே பதில். ஊரில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. நான் பஸ்ஸுக்கு நடக்கிற பாதையையே மாற்றிக்கொண்டேன்.

இனி உன் விஷயம். உன் தொட்டியில் மீன் நீந்தும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீ நல்ல தண்ணீர் கலந்து ஏமாற்றுகிறவன் இல்லை. உன் மீன் ஒரு மணி நேரம் இல்லை, ஒரு வாரமே இருந்தாலும் இருக்கும். பயமே அதனால்தான். ஆலிவ் தண்ணீரில் காஸ்டிக் சோடா இல்லை. எள் தண்ணீரில் இருக்கிறது. அமிலத்தைச் சேர்த்து அதைச் சரிக்கட்டினால் என்ன வரும்? எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேள், உப்பு என்று சொல்லும். கசப்பை உன் மணிகள் எடுத்துக்கொள்ளும். பசியை உன் நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். உப்பை எதுவும் தின்னாது. நீ நினைத்திருக்கிறபடி சுத்தம் பண்ணின தண்ணீரைக் கண்மாயில் விட்டால் கோடைக்குக் கோடை தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். அந்த அளவு உப்பில் மீன் சந்தோஷமாக நீந்தும். மிளகாய் முளைக்காது. போனில் உன்னிடம் இதைக் கேட்டேன். "அது அடுத்த கட்டம்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். நானும் மறுநாள் காலை, சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பள்ளிக்குக் கிளம்பினேன்.

கண்மாய் இந்த ஊரின் கடைசித் தண்ணீர். அதனால் கேட்கிறேன். உப்புக்கு ஒரு வழி கண்டுபிடிக்கும்வரை கண்மாய் மடைப் பக்கம் உன் குழாய் வரக்கூடாது. சோடாத் தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுழற்றிப் பயன்படுத்த முடியுமா, சோடா இல்லாமலே தோலுரிக்க முடியுமா என்று அண்ணாச்சி மகனோடு உட்கார்ந்து யோசி. அவன் உன்னோடு படித்தவன், கேட்பான். கூட்டத்தில் ஏதாவது காட்டத்தான் வேண்டும் என்றால் மீன் வேண்டாம், மிளகாய் விதையைக் காட்டு. ஒரு பாத்திக்கு உன் தண்ணீர், ஒரு பாத்திக்கு மழைத்தண்ணீர். பூத்துக் காய்க்கும்வரை ஊர் காத்திருக்கட்டும், பாத்திகளுக்கு வேலி போட்டுப் பூட்டிய சாவி பேச்சி கையில் இருக்கட்டும். இன்னொன்று. இங்கே நீ கட்டப்போகிற ஆலைக்குள் போகிற முதல் தண்ணீர், கிடங்கில் கிடக்கிற பழைய தண்ணீராக இருக்க வேண்டும். அதிலிருந்து விற்கிற மாதிரி எதுவும் கிடைக்காது, எல்லாம் கெட்டியாகி வண்டலாகியிருக்கும் என்று நீ சொல்வாய். தெரியும். ஆனாலும் அதுதான் முதலில்.

இதை உனக்கு எழுதுவதற்கு முன்னால் ஒருத்தியிடம் சொல்ல வேண்டியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சி வீட்டுக்குப் போனேன். தேங்காய் எண்ணெய் போட்டு, நகக்கண்ணில் ஏறிய வெள்ளித் தூளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வாங்க டீச்சர், சாப்பிட்டீகளா?" என்றாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். ஜாடி, நாலு பங்கு நல்ல தண்ணீர், மறுநாள் காலை, செம்பருத்தி, எல்லாம். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எம்புட்டு மீனு?" என்றாள்.

"ரெண்டு."

"ரெண்டுதானா." இன்னும் கொஞ்சம் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள். "கன்னிமாருக்கு மூணு தடவ பூச போட்டேன் டீச்சர். அந்த மனுசன வாய்க்கு வந்தபடி பேசி வெரட்டினேன். பூச போடாம தோண்டின பாவி, ஒன்னாலதான் கெணறு செத்துச்சுன்னு. அவரு தலயக் குனிஞ்சிட்டே போனாரு." அதற்கு மேல் அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. அடுப்பில் சோறு பொங்கியது, எழுந்து போய் மூடியைத் தள்ளி வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து கேட்டாள்.

"ஒங்க மகன் கூட்டத்துல, நீங்க எங்க ஒக்காருவீக?"

எனக்குப் புரிந்தது. ஊர்க் கூட்டம் எதுவானாலும் முன்னால் ஆலைக்காரருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் நாற்காலி போடுவார்கள். அந்த வரிசையில் டீச்சருக்கும் ஒன்று. மற்றவர்கள் தரையில். முப்பது வருடமாக அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து பின்னால் திரும்பிப் பார்த்ததில்லை.

"ஒன் பக்கத்துல" என்றேன்.

"தரையில ஒக்காந்தா ஒங்களுக்கு முட்டி வலிக்கும்."

"வலிக்கட்டும்."

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைக்காதே. அவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. "சாக்கு ஒண்ணு கொண்டாறேன்" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் நகத்தைத் தேய்க்கத் தொடங்கினாள்.

ஆகவே ராசா, கூட்டத்தில் நீ மைக்கைப் பிடித்ததும் வழக்கம்போல முன்வரிசையில் என்னைத் தேடாதே. அங்கே ஒரு நாற்காலி காலியாக இருக்கும். பேச வந்ததை நிதானமாகப் பேசு. ஆலிவ் ஆலையைப் பற்றிச் சொல், கசப்பை மருந்தாக்குவதைப் பற்றிச் சொல், நன்றாகப் பேசுவாய். நீ முடித்ததும் முதல் கேள்வி தரையிலிருந்து வரும். உப்பு எங்கே போகும் என்று கேட்கும். தெரிந்த குரலாக இருக்கிறதே என்று பதிலைச் சுருக்கிவிடாதே.

அம்மா